அத்தைக்கு ஒரு கடிதம்: கங்கையில் நம்பி முங்கலாமா?

அன்புள்ள அத்தைக்கு,

தீபாவளி அன்று விடிந்தும் விடியாமல் போன் செய்து "கங்கா ஸ்நானம் ஆச்சா?" என்று கேட்டீர்கள். ஆச்சு என்றேன். அடுத்த கேள்விக்குத்தான் பதில் வரவில்லை. "கங்கையை கவர்மென்ட் சுத்தம் பண்ணிட்டாங்களாமே, நிஜமா? மாமாவுக்குக் காசியில காரியம் பண்ணணும். நம்பி முங்கலாமா?" இருபது வருஷமாகப் பாதாள சாக்கடை வேலையிலேயே இருப்பவளிடம் இதைக் கேட்டால் ஒரு வரியில் முடியாது. இதே கேள்வியோடு கிளம்பும் பலர் இருப்பார்கள் என்பதால் எல்லோரும் படிக்கிற இடத்திலேயே எழுதுகிறேன். கோபித்துக்கொள்ள மாட்டீர்கள்.

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். முங்குங்கள். ஆனால் ஒரு வாய் தண்ணீர்கூட உள்ளே போக வேண்டாம். தீர்த்தம் என்று கொடுத்தால் தலையில் தெளித்துக்கொள்ளுங்கள், போதும்.

ஏன் என்று கேட்பீர்கள். 1986-ல் ராஜீவ் காந்தி காலத்திலேயே கங்கை செயல் திட்டம் தொடங்கிவிட்டது. காசியில், கான்பூரில் சுத்திகரிப்பு நிலையங்கள் கட்டினார்கள். கட்டடம் எழும்பியது, மோட்டார் வந்தது. தினமும் அதை ஓட்டுவதற்குக் கரண்ட் பில் யார் கட்டுவது என்பதில்தான் எல்லாம் சிக்கிக்கொண்டது. மணிக்கணக்கில் மின்வெட்டு இருக்கும் ஊரில் சாக்கடையை பம்பு வைத்து ஏற்றும் திட்டம் போட்டார்கள். பம்பு நின்றால் சாக்கடை காத்திருக்காது அத்தை. ஊரில் ஜனங்கள் குளிப்பதையும் கக்கூஸ் போவதையும் நிறுத்துவார்களா? பம்பு நிலையத்துச் சாக்கடைக் கிணறு நிரம்பும், பைபாஸ் கதவைத் திறப்பார்கள், அப்படியே ஆற்றுக்குப் போகும். நானும் ஒரு மழைக்கால ராத்திரி, வேறு வழியில்லாமல், அந்தக் கதவைத் திறந்திருக்கிறேன். எங்கள் ஊர் ஆற்றுக்குத்தான் போனது. அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. இன்றைக்கும் அந்த நாற்றம் நினைவில் இருக்கிறது.

காசியில் இதை அப்போதே எடுத்துச் சொன்னவர் வீரபத்ர மிஸ்ரா. சங்கட மோசன் அனுமார் கோயிலின் மகந்த், அதாவது தலைமைப் பூசாரி அவர். அதோடு பனாரஸ் இந்து பல்கலைக்கழகத்தில் நீரியல் பொறியியல் பேராசிரியர். துளசி காட் என்ற படித்துறையில் வீடு. காலையில் கங்கையில் முங்கி எழுவார், அதே தண்ணீரை எடுத்துப் பரிசோதிக்க ஆய்வகமும் வைத்திருந்தார். வெள்ளம் வந்தால் படித்துறைகளில் இருக்கும் பம்புகள் மூழ்கும், அத்தனை நாளும் சாக்கடை ஆற்றில்தான், அதனால் கரண்ட் இல்லாமல் தானாகச் சரிந்து ஓடும்படி கரையோரமாகக் குழாய் போடுங்கள், கீழே போய்க் குளங்களில் தேக்கிச் சுத்தம் செய்யுங்கள் என்று வருஷக்கணக்காக வாதாடினார். 2013-ல் காலமானார். எங்கள் தொழிலில் நான் மனதார வணங்கும் ஆள் அவர்தான்.

அப்புறம் 2014-ல் நமாமி கங்கே என்று மத்திய அரசின் புதிய கங்கைத் திட்டம் வந்தது. அடுத்த வருஷம் 20,000 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். அதில் விளம்பரத்தில் வராத ஒரு விஷயம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. நிலையம் கட்டும் கம்பெனிக்குக் கட்டும்போது 40 சதவீதம்தான் தருவார்கள். மீதி 60 சதவீதம், 15 வருஷம் அதை ஒழுங்காக ஓட்டினால்தான், தவணை தவணையாக. எல்லா நிலையத்துக்கும் இந்த முறை இல்லை. ஆனாலும் கட்டுவதற்கு மட்டுமில்லாமல் ஓட்டுவதற்கும் பணம் உண்டு என்று ஆனது. வாசல் தெளிப்பது மாதிரிதானே இது? ஒரு நாள் பிரமாதமாகத் தெளித்துவிட்டுப் பத்து நாள் விட்டால் ஆகுமா?

கான்பூரில் சிசாமௌ நாலா என்று வெள்ளைக்காரன் காலத்துச் சாக்கடை. நாளுக்குச் சுமார் 14 கோடி லிட்டர் நேராகக் கங்கையில் விழுந்துகொண்டிருந்தது. அதைத் திருப்பி சுத்திகரிப்பு நிலையங்களுக்குக் கொண்டுபோனார்கள். பெரிய வேலை, மனசாரப் பாராட்டுகிறேன். ஆனால் அங்கே ஜாஜ்மௌ பகுதியில் தோல் பதனிடும் ஷெட்டுகளின் குரோமியத் தண்ணீர் தனிக் கதை. ஆம்பூரில் இருந்துகொண்டு பாலாற்றைப் பார்த்தவர் நீங்கள், உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. 2019 கும்பமேளாவுக்காக அந்த ஷெட்டுகளை மாதக்கணக்கில் மூட வைத்தார்கள். பிறகுதான் திறந்தார்கள். இடையில் கூலி இழந்தது அங்கே வேலை செய்யும் ஜனங்கள்தான்.

2025 மேளாவின்போது மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் பசுமைத் தீர்ப்பாயத்துக்கு ஓர் அறிக்கை கொடுத்தது. பிரயாகையில் பல தடவை எடுத்த தண்ணீர் குளிப்பதற்கான தரத்தில் இல்லை என்று அதில் இருந்தது. மலக்கிருமிக்கு ஓர் அளவு வைத்திருக்கிறார்கள்: 100 மில்லியில் 2,500-க்கு மேல் போகக் கூடாது. அதைத் தாண்டியிருந்தது. வாயில் வைக்காதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எத்தனை நிலையம் கட்டினாலும் ஆற்றில் தண்ணீர் ஓட வேண்டும். ஹரித்வாரில் பீம்கோடா தடுப்பணையிலிருந்து கால்வாய்க்கு எடுக்கிறார்கள், நரோராவில் மறுபடி எடுக்கிறார்கள். கோடையில் மிச்சம் ஓடுவது கொஞ்சம்தான். அதற்காக ஒருவர் உயிரையே கொடுத்தார். ஜி.டி. அகர்வால், கான்பூர் ஐஐடி பேராசிரியர், மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் முதல் உறுப்பினர் செயலர். பிறகு சன்னியாசம் வாங்கி சுவாமி சானந்த் ஆனார். 2018-ல், 86 வயதில், கங்கை தடையில்லாமல் ஓட வேண்டும் என்று 111 நாள் உண்ணாவிரதம் இருந்து அக்டோபர் 11 அன்று இறந்தார். அதே வாரம்தான் குறைந்தபட்ச நீரோட்டத்துக்கான அரசாணை வந்தது. பீம்கோடாவில் அக்டோபர் முதல் மே வரை வினாடிக்கு 36,000 லிட்டராவது ஆற்றில் விட வேண்டும் என்று அதில் இருக்கிறது. அவர் கேட்டது அதைவிட அதிகம். அந்த ஆணையைப் படிக்கும்போதெல்லாம் அவர் முகம்தான் கண்ணுக்குள் வருகிறது.

காசியில் இறங்கினதும் என்னோடு அசி படித்துறைக்கு வாருங்கள். வருணை, அசி என்ற இரண்டு ஆறுகளைச் சேர்த்துத்தான் வாராணசி என்று பேர் வந்ததாகச் சொல்வார்கள். அந்த அசி இப்போது சாக்கடை. அங்கே ஆறு என்று யாரும் சொல்வதில்லை, நாலா என்றுதான் சொல்கிறார்கள். அதையும் பார்த்துவிட்டு மாமாவுக்குச் செய்யலாம். மாமா இருந்திருந்தால் அவரே முதலில் அங்கேதான் போய் நின்றிருப்பார்.

பூஜை அறையில் இருக்கும் பழைய கங்கைச் சொம்பைத் திறக்க வேண்டாம், அப்படியே இருக்கட்டும். ராமேஸ்வரத்து மணலை நான் போய் எடுத்து வருகிறேன். பிரயாகையில் அதைக் கரைத்துவிட்டு, காசியில் காரியம் முடித்து, திரும்பும்போது ராமநாதருக்குப் புதுச் சொம்பில் தண்ணீர் எடுத்துக்கொள்ளலாம். மாசி மாதத்துக்கு டிக்கெட் போடட்டுமா? கீழ் பெர்த்துக்கு முன்பதிவு திறக்கும் அன்றே பார்க்க வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் அண்ணன் மகள்