கிரில் வேற, புல்பார் வேற: கொஞ்சம் விளக்கி எழுதுங்க ஐயா

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

நான் செங்கோட்டைக்காரன். வீட்டம்மாவுக்குப் பொறந்த ஊர் கேரளாவுல புனலூர், அதனால மாசத்துக்கு ரெண்டு தடவையாவது புளியரை, கோட்டைவாசல், ஆரியங்காவு வழியா காரை எடுத்துட்டுப் போய்ட்டு வர்ற ஆளு. 1956 நவம்பர் 1 வரைக்கும் எங்க ஊரே திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்துலதான் இருந்துச்சு, அதனால எல்லைன்னு எங்களுக்கு ஒண்ணும் பெருசா தெரியாது, சம்பந்தம் பேசுறதும் சாவுக்குப் போறதும் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும்தான். ஆனா காருக்கு அந்த எல்லை நல்லாவே தெரியுது, அதைப் பத்திதான் இந்தக் கடிதம்.

உங்க பேப்பர்ல அப்பப்போ 'காரில் மாற்றம் செய்தால் அபராதம்'னு செய்தி வருது. நல்ல விஷயம்தான், வேண்டாம்னு சொல்லல. ஆனா அதுல எது மாத்தலாம் எது மாத்தக்கூடாதுன்னு பிரிச்சு எழுதாததால எங்க ஏரியால ஜனங்க ரெண்டா பிரிஞ்சு நிக்கிறாங்க. ஒரு கூட்டம் முன்னாடி கிரில்லைத் தொட்டாலே கேரளா எம்விடி (மோட்டார் வாகனத் துறை) புடிச்சிடுவான்னு பயப்படுது, இன்னொரு கூட்டம் எதுன்னாலும் பாத்துக்கலாம்னு இரும்புக் குழாய வளைச்சு மூஞ்சியில மாட்டிட்டு சுத்துது. ரெண்டுமே தப்புங்க.

புல்பார்ங்கிறது பம்பருக்கு முன்னாடி சேஸிஸோட சேத்து போல்ட் போடுற இரும்புக் கம்பி. 2017 டிசம்பர்லயே மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் எல்லா மாநிலத்துக்கும் எழுதிடுச்சு, அது மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவுக்கு விரோதம்னு. காரணமும் நியாயமானது. மோதும்போது வண்டியோட முன்பக்கம் நசுங்கி அடியை வாங்கிக்கணும், இந்தக் கம்பி அதை நசுங்க விடாம அடியை நேரா உள்ள இருக்கிற ஆளு மேல கடத்தும், ஏர்பேக் சென்சாரும் சரியான நேரத்துக்கு வேலை செய்யுமான்னு சொல்ல முடியாது, ரோட்டுல நடந்து போறவன் மேல பட்டா அவன் கதி அதோகதி. 2019ல சட்டத்தைத் திருத்தினப்புறம் அனுமதி இல்லாம வண்டியை மாத்துற ஓனருக்கு ஒவ்வொரு மாத்தத்துக்கும் 5000 ரூபா அபராதமோ, 6 மாசம் வரைக்கும் ஜெயிலோ, இல்ல ரெண்டுமோ உண்டு. இது சும்மா இல்ல.

கிரில் அப்படி இல்ல. பம்பருக்கு நடுவுல காத்து உள்ள போறதுக்கு இருக்கிற பிளாஸ்டிக் சல்லடைதான் அது, கம்பெனி குடுத்ததைக் கழட்டிட்டு அதே அளவுல அதே கிளிப்புல உக்கார்ற இன்னொண்ணு போட்டா வண்டியோட நீளம் கூடுறதில்ல, முன்னாடி எதுவும் துருத்திக்கிட்டு நிக்கிறதில்ல, நம்பர் பிளேட் மறையுறதில்ல.

எனக்கு ஏன் இவ்ளோ அக்கறைன்னா, நான் பட்டிருக்கேன். புளியரை ரோடுல எம்சாண்டும் ஜல்லியும் ஏத்திக்கிட்டு கேரளாவுக்குப் போற லாரிங்க எவ்ளோன்னு உங்க நிருபருக்கே தெரியும். தார்ப்பாய் சரியா கட்டாத லாரிக்குப் பின்னாடி மாட்டினோம்னா சின்னச் சின்னக் கல்லு சடசடன்னு வந்து அடிக்கும். ரேடியேட்டருக்கு முன்னாடி ஏசி கண்டென்சர் இருக்குல்ல, அந்த அலுமினியத் தகடெல்லாம் வளைஞ்சு கெடந்துச்சு. அதுக்குத்தான் வலை வச்ச கிரில் போடலாம்னு முடிவு பண்ணினேன், அழகுக்காக இல்ல. பக்கத்து டவுன்ல ஒரு ஆக்சஸரீஸ் கடைல விட்டேன். பம்பரைக் கழட்டாமலே அரை மணி நேரத்துல முடிச்சுத் தந்தாங்க, எனக்கு அப்போ அது கெட்டிக்காரத்தனமாத்தான் தெரிஞ்சுது. என்ன பண்ணியிருக்காங்கன்னா, புது கிரில்லோட காது, அதாவது பம்பர்ல மாட்டுற கொக்கி, நம்ம வண்டிக்குப் பொருந்தல, அதனால முன்னாடியிருந்தே ட்ரில் போட்டு ஒன்றரை இஞ்சு ஸ்க்ரூவை நாலு மூலையிலயும் முறுக்கி விட்டுட்டாங்க. வலையும் கொசுவலை மாதிரி நெருக்கம், அதுக்குப் பின்னாடி பளபளன்னு தெரியுறதுக்கு ஒரு கறுப்பு ஷீட் வேற, காத்து போற வழியில பாதியை அதுவே அடைச்சிடுச்சு.

பத்து நாள் கழிச்சு அம்மாவைக் கண் ஆபரேஷன் செக்கப்புக்குத் திருவனந்தபுரம் கூட்டிட்டுப் போனேன். ஏசியில ரெண்டு நாளா குளிர்ச்சியே இல்ல, கேஸ் குறைஞ்சிருக்கும்னு நெனச்சேன். புளியரை மலைப்பாதையில எஸ் வளைவுல ஏறும்போது முன்னாடி ரெண்டு லாரி, ஃபர்ஸ்ட் கியர்லயே ஊர்ந்து போறோம், மீட்டர்ல சூட்டு முள்ளு பாதியைத் தாண்டி மேல போய்க்கிட்டே இருக்கு. பின் சீட்ல அம்மா கண்ணுல கறுப்புக் கண்ணாடியோட முந்தானையால விசிறிக்கிட்டு இருந்தாங்க, ஒரு வார்த்தை சொல்லல. ஓரமா நிறுத்தி பானெட்டைத் தூக்கி முக்கா மணி நேரம் நின்னோம். அன்னைக்கு எஞ்சினுக்கு ஒண்ணும் ஆகல, தெய்வாதீனம். அப்புறம் ஏசி மெக்கானிக் அண்ணாச்சி கழட்டிப் பாத்துட்டு என் கையில குடுத்தது அந்த ஸ்க்ரூல ஒண்ணு. நுனி கண்டென்சர் குழாய்ல உரசி உரசி ஊசிமுனை அளவுக்கு ஓட்டை, சுத்தி எண்ணெய்ப் பிசுக்கு. கல்லடி படக்கூடாதுன்னு போட்டது கண்டென்சரையே துளைச்சிடுச்சு. புதுசு மாத்த 8000 ரூபாய்க்கு மேல ஆச்சு. கடைக்காரர்கிட்ட கேட்டதுக்கு எல்லாருக்கும் இப்படித்தான் போடுறோம்னாரு. எல்லாருக்கும் இப்படித்தான்னா எத்தனை வண்டியில அந்த ஸ்க்ரூ இருக்கும்னு யோசிச்சுப் பாருங்க ஐயா.

அதுக்கப்புறம் நானே வீட்டுல பண்ணினேன். நான் மெக்கானிக் இல்ல, ஜவுளிக்கடைல கணக்கெழுதுறவன். ஒரு ஞாயித்துக்கிழமை காலைல எட்டு மணிக்கு ஆரம்பிச்சு மத்தியானம் சாப்பாட்டுக்குள்ள முடிஞ்சுது, பாலிடெக்னிக் படிக்கிற என் மகதான் கூட நின்னா.

மொதல்ல பேட்டரி நெகட்டிவ் ஒயரை 10 ஸ்பேனர் போட்டுக் கழட்டி வச்சுட்டு கொஞ்ச நேரம் சும்மா இருந்துடணும், ஏன்னா முன்பக்கம் ஏர்பேக் சென்சார் ஒயர் போற வண்டி நெறைய இருக்கு. அப்புறம் பம்பரும் ஃபெண்டரும் சேர்ற ஓரத்துல பெயிண்ட் உரசாம இருக்க ரெண்டு பக்கமும் மாஸ்கிங் டேப். பானெட்டைத் தூக்கினா மேல வரிசையா பிளாஸ்டிக் கிளிப் இருக்கும், அதோட நடு ஆணியை நெம்பி மேல தூக்கினாத்தான் கிளிப் வரும், இது தெரியாம அப்படியே இழுத்து ஒடைக்கிறவங்கதான் நெறைய. வீலை ஒரு பக்கமா முழுசா ஒடிச்சா சக்கரத்து வளைவுக்குள்ள ஒளிஞ்சிருக்கிற ஸ்க்ரூ தெரியும், கீழயும் ரெண்டு மூணு இருக்கும். என் மக முட்டை ட்ரேயில குழிக்குழியா நம்பர் எழுதி, கழட்டுன வரிசையிலயே ஒவ்வொண்ணையும் போட்டு வச்சா. அந்த ஒரு வேலை எனக்கு ஒரு மணி நேரத்தை மிச்சம் பண்ணிச்சு, கடைசியில ஒரு ஸ்க்ரூகூட மிஞ்சல.

எல்லாம் கழண்டதும் ரெண்டு பேரு ரெண்டு ஓரத்துல நின்னு பம்பரை வெளிப்பக்கமா இழுத்தா டக் டக்னு விடும். வெடுக்குன்னு இழுத்துடக்கூடாது, உள்ள ஃபாக் லேம்ப் ஒயர் இருக்கும், அந்த சாக்கெட்டை விட்டுட்டுத்தான் பம்பரை எடுக்கணும். பழைய பாய் ஒண்ணு விரிச்சு அதுமேல பம்பரைக் கவுத்துப் போட்டோம். பின்னாடி கிரில்லோட காதெல்லாம் வரிசையா கொக்கி போட்டு உக்காந்திருக்கும், நுனியில இன்சுலேஷன் டேப் சுத்தின ஸ்க்ரூடிரைவரால ஒவ்வொண்ணா அமுக்கி விட்டா பழசு தானா வருது.

புதுசு வாங்குறப்பவே பழையதோட போட்டோவை எடுத்துட்டுப் போய் காதுகளை எண்ணிப் பாத்துதான் வாங்கினேன். ஏபிஎஸ் பிளாஸ்டிக், பின்னாடி அடைப்பு இல்ல, வலை ஓட்டை சுண்டுவிரல் நுழையுற அளவு. பெரிய கல்லு நிக்கும், காத்து நிக்காது. ஒரு காது மட்டும் உக்கார மாட்டேன்னுச்சு. அரம் வச்சு பம்பரை ராவிடலாமான்னு கை துறுதுறுத்துச்சு, மகதான் தடுத்தா. கிரில்லைக் கொஞ்ச நேரம் வெயில்ல வச்சு எடுத்தோம், பிளாஸ்டிக் இளகி அமுக்கினதும் சத்தமில்லாம உக்காந்துடுச்சு. திரும்ப மாட்டினதும் பானெட் லாக் விழுதா, ஹார்ன், ஹெட்லைட், ஃபாக் லேம்ப் எல்லாம் எரியுதான்னு பாத்துட்டு ரேடியேட்டர் ஃபேன் ஓடுற வரைக்கும் வண்டியை ஐடில்ல விட்டேன். சாயங்காலம் எஸ் வளைவு வரைக்கும் ஏறி இறங்கினேன், முள்ளு பாதியிலயே நின்னுச்சு.

ஒண்ணு மட்டும் சொல்லிடுறேன், இப்ப வர்ற புது வண்டிகள்ல சிலதுக்கு முன்னாடி இருக்கிற வண்டியைப் பாத்து தானா பிரேக் புடிக்கிற ரேடார் அந்த எம்பளத்துக்குப் பின்னாடியோ கிரில்லுக்குள்ளயோதான் இருக்கு. அந்த மாதிரி வண்டியில யாரும் வீட்டுல கை வைக்க வேண்டாம், சர்வீஸ் சென்டர்ல கேட்டுட்டுச் செய்யுங்க.

போன மாசம் ஆரியங்காவு தாண்டி வண்டிச் சோதனையில நிறுத்தினாங்க. அதிகாரி குனிஞ்சு பாத்தாரு, விரலால ரெண்டு தட்டு தட்டுனாரு, 'கம்பி ஒந்நும் இல்லல்லோ'ன்னு கேட்டுட்டு போகச் சொல்லிட்டாரு. எனக்குப் பின்னாடி வந்த நம்ம ஊரு ஜீப்புல குழாய் கம்பி இருந்துச்சு, அதை ஓரங்கட்டிட்டாங்க. ஜீப்புக்காரத் தம்பி அழாத குறை, கடையில இதெல்லாம் ஒண்ணும் ஆகாதுன்னு சொன்னாங்க அண்ணாச்சின்னு என்கிட்ட சொன்னான்.

அவனுக்கு யாராவது முன்னாடியே தமிழ்ல படம் போட்டுக் காட்டியிருந்தா அந்தக் காசும் மிச்சம், மானமும் மிச்சம். அதனால உங்ககிட்ட கேக்குறது இதுதான். எது கூடும், எது கூடாதுன்னு படத்தோட ஒரு அரைப் பக்கம் போடுங்க, சபரிமலை சீசன் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி வந்தா நல்லது, வெளியூர் வண்டியெல்லாம் இந்த வழியாத்தான் வரும். புளியரை செக்போஸ்ட்ல அதே படத்தைத் தமிழ்லயும் மலையாளத்துலயும் போர்டா வைக்கச் சொல்லி ஆர்டிஓ ஆபீஸுக்கு நீங்க எழுதினா எடுபடும், நான் எழுதினா ஃபைல்ல போயிடும். கடை வச்சிருக்கிற அண்ணாச்சிமாரும் இதைப் படிச்சாங்கன்னா ஒரு வார்த்தை: காது பொருந்தாத கிரில்லை விக்காதீங்க, வித்தாலும் தயவுசெஞ்சு ஸ்க்ரூ போடாதீங்க.

கண்டென்சர்ல இருந்து எடுத்த அந்த ஸ்க்ரூவை டேஷ்போர்டு பெட்டியில வச்சிருக்கேன். உங்க நிருபர் வந்தா காட்டுறேன், இல்ல போட்டோ வேணும்னா அனுப்பி வைக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாசகன்,
செங்கோட்டை.