தக்கை திருகியும் கண்டுபிடிப்புதான்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மாணவர்களுக்காக நீங்கள் போடும் அறிவியல் பக்கத்தில் கண்டுபிடிப்பு என்றாலே ராக்கெட், ரோபோ, செயற்கை நுண்ணறிவு என்றுதான் வருகிறது. பாலிடெக்னிக்கில் மெஷின் டிராயிங் எடுக்கிற எனக்கு இதில் பெரிய வருத்தம். "இருக்குற சாமான்ல கொஞ்சம் மாத்தினா பேடன்ட் தருவாங்களா சார்?" என்று பையன்கள் நம்பிக்கையில்லாமல் கேட்கிறார்கள். தருவார்கள். பாட்டில் தக்கையைத் திருகி எடுக்கிற கார்க் ஸ்க்ரூவின் கதையை ஒரு வாரம் போடுங்கள், அவர்களுக்கே புரியும். மது பாட்டில் திறக்கிற சாமான் ஆயிற்றே என்று தயங்க வேண்டாம், அந்தக் காலத்தில் மருந்து பாட்டிலுக்கும் தக்கைதான்.

சுருள் கம்பியைத் திருகித் தக்கையை இழுப்பது 17-ம் நூற்றாண்டிலேயே இங்கிலாந்தில் இருந்தது. ஆனால் தக்கை பாட்டிலின் கழுத்தோடு ஒட்டிக்கொண்டால் எவ்வளவு இழுத்தாலும் அசையாது, பலமாக இழுத்தால் பிய்ந்து பாதி உள்ளே விழும். 1795-ல் சாமுவேல் ஹென்ஷால் என்ற பாதிரியார், கம்பியின் சுருள் முடிகிற இடத்தில் சின்னதாக ஒரு வட்டத் தகட்டை வைத்தார், அவ்வளவுதான். கம்பி முழுதாக இறங்கியதும் தகடு தக்கையின் தலையில் முட்டி நிற்கும். அதற்கு மேலும் திருகினால் கம்பி இறங்க வழியில்லாமல் தக்கையே சேர்ந்து சுற்றும், கண்ணாடியோடு இருந்த பிடி விட்டுவிடும், அப்புறம் இழுத்தால் வந்துவிடும். கார்க் ஸ்க்ரூவுக்குக் கிடைத்த முதல் காப்புரிமை இதுதான்! ஜேம்ஸ் வாட்டின் கூட்டாளி மேத்யூ போல்டன் இதைத் தயாரித்துக் கொடுத்தார்.

நம் 1970 காப்புரிமைச் சட்டத்தின் 3-ம் பிரிவு, தெரிந்த சாதனங்களைத் தனித்தனியே இயங்கும்படி வெறுமனே சேர்த்து வைத்தால் அது கண்டுபிடிப்பு ஆகாது என்கிறது. ஹென்ஷாலின் தகடு அப்படிச் சும்மா ஒட்டிக்கொண்டு நிற்கவில்லை, திருகுகிற விசையை அது தக்கைக்கு மாற்றிவிடுகிறது. மாணவர்களுக்குப் புரிய வேண்டிய வித்தியாசம் இது ஒன்றுதான், பாடப் புத்தகத்தில் பத்துப் பக்கம் படித்தாலும் இவ்வளவு தெளிவாக வராது என்பது என் கருத்து.

அதோடு முடிந்துவிடவில்லை. 1802-ல் எட்வர்ட் தாமசன், ஒரே பக்கமாகத் திருகிக்கொண்டே போனால் தக்கை தானாக மேலே வரும்படி செய்தார். 1882-ல் ஜெர்மனியில் கார்ல் வீன்கே பாட்டில் விளிம்பில் ஊன்றித் தூக்கும் நெம்புகோலைச் சேர்த்தார், ஓட்டல் சர்வர்கள் பையில் மடக்கி வைத்திருப்பது அந்த வகைதான். அப்புறம் 1970-களின் கடைசியில் ஹூஸ்டனில் ஹெர்பர்ட் ஆலன் என்ற எண்ணெய்க் கிணறு சாதன இன்ஜினியர், மெல்லிய நீளக் கம்பிக்கு டெஃப்லான் பூசி, உரசலைக் குறைத்தார், அதற்கும் காப்புரிமை கிடைத்தது. எல்லாம் அதே தக்கைக்குத்தான்!

காலாவதியான காப்புரிமை ஆவணங்களை இணையத்தில் யாரும் இலவசமாகப் படிக்கலாம். பாகத்துக்குப் பாகம் எண் போட்ட வரைபடம் அதில் இருக்கும். வாரம் ஒரு வரைபடத்தை எடுத்து, எந்த எண் என்ன வேலை செய்கிறது என்று தமிழில் விளக்கிப் போடுங்கள். ஆலனின் படத்திலிருந்தே தொடங்கலாம்.

இப்படிக்கு,
பாலிடெக்னிக் விரிவுரையாளர் ஒருவர், கோவை