துளசி விதை அனுப்பிருக்கேன், ஃபேன் ஓடுறப்ப பிரிக்காத

பாப்பா,

நேத்து போன்ல இந்த துளசியும் பட்டுப்போச்சும்மான்னு சொன்னப்போ உன் குரலே சரியில்ல, ராத்திரி பூரா எனக்கு அதே நெனப்பு. துளசி பட்டா குடும்பத்துக்கு ஆகாதுன்னு பக்கத்து ஃப்ளாட்ல சொன்னாங்களாமே, அத மனசுல ஏத்திக்காத. நீ அனுப்புன போட்டோவ பெருசாக்கி பாத்தேன், தொட்டிக்கு கீழ தட்டு நெறைய தண்ணி நிக்குது, வேர் அழுகிதான் போயிருக்கு. தினமும் சொம்பு சொம்பா ஊத்திருக்க, பாசத்துலதான், ஆனா அதுக்கு அது தாங்காது.

இனி கடையில செடி வாங்காத. நம்ம மாடத்து துளசியோட விதைய பொட்டலம் கட்டி அனுப்பிருக்கேன். உங்க பாட்டி வச்ச செடிதான் இது, அதாவது அந்தச் செடியே இல்ல, துளசி ஒண்ணு ரெண்டு மூணு வருஷத்துல குச்சியாயிடும், ஒவ்வொரு தடவையும் அதோட விதையிலேர்ந்தே அடுத்தத முளைக்க வச்சு வந்திருக்கோம், நீ பொறக்கறதுக்கு முன்னாடிலேர்ந்து. கதிர் நல்லா காஞ்சு பழுப்பா ஆனப்புறம் உள்ளங்கையில வச்சு தேச்சு, உமிய மெல்ல ஊதினா கடுகவிட சின்னதா விதை நிக்கும், அவ்ளோதான் வேலை.

பெங்களூர்ல இப்ப குளிருது, உடனே போட்டுடாத. சிவராத்திரி போகட்டும், பகல்ல 25 டிகிரிக்கு மேல இருந்தா நல்லா முளைக்கும். செம்மண்ணு, மணலு, மண்புழு உரம் மூணையும் கலந்து, அடியில ஓட்டை இருக்கான்னு பாத்து ரொப்பு, முதல்லயே மண்ண நனைச்சுடு, அப்புறம் விதைய மேலாக்க தூவி விரலால லேசா அமுக்கி விடு. மண்ணு போட்டு மூடாத பாப்பா, வெளிச்சம் பட்டாத்தான் நல்லா முளைக்கும், ஆழமா பொதைச்சா வரவே வராது. சொம்புல ஊத்துனா விதையெல்லாம் ஓரத்துக்கு ஓடிடும், மாப்பிள்ளை சட்டைக்கு இஸ்திரி போட வச்சிருக்கியே அந்த ஸ்ப்ரே பாட்டில் போதும். ஒரு வாரத்துலயும் வரும், ரெண்டு வாரமும் ஆகும், நடுவுல கிளறி பாக்காத. எறும்பு வந்து தூக்கிட்டு போகும், அத மட்டும் பாத்துக்கோ.

மொத ரெண்டு இலை சின்னதா வட்டமா வரும், துளசி மாதிரியே இருக்காது, களைன்னு நெனச்சு பிடுங்கிடாத. அதுக்கு மேல நாலு இலை விட்டதும் நல்லதா ஒண்ணு ரெண்ட தனித்தனி தொட்டிக்கு மாத்து. அப்புறம் மேல் மண்ணு காஞ்சா மட்டும் தண்ணி, விரல விட்டு பாரு. உங்க பால்கனி கிழக்கு பாத்தது, காலை வெயில் வரும், துணி காயப்போடற ஸ்டாண்ட கொஞ்சம் தள்ளி வைங்க. ஒரு சாண் வந்ததும் நுனிய கிள்ளு, பக்கத்துல கிளை அடிக்கும். கதிர் வந்தா ஒடிச்சு விட்டுடு, விதைக்கு விட்டா செடி சீக்கிரம் சோந்துடும்.

மொத்தத்தையும் ஒரே நாள்ல தூவிடாத, பாதிய ஒரு டப்பால ஈரம் படாம எடுத்து வை. இங்கயும் அப்பா நாலு கதிர ஒடிக்காம விட்டு வச்சிருக்காரு, இது வரலன்னா அவளுக்கு மறுபடி அனுப்பணும்னு.

அம்மா