சிவப்பு நூல் கட்டிய கோப்பை

திருகோணமலை
வெள்ளி இரவு

அன்பின் வசந்தி,

வீட்டில் எல்லோரும் சுகம்தானே? உன் இரண்டு கடிதத்துக்கும் பதில் போடவில்லை, கோபிக்காதே. அண்ணாவுக்கு மூக்கின் பின்புறத்தில் புற்றுநோய். உன் செருப்பைத் தேடி டச் பேயில் அலைக்குள் இறங்கினாரே, அதே அண்ணாவுக்குத்தான்.

தை மாதம் கழுத்தில் நெறி கட்டியது. பல்லால் வந்ததாக்கும் என்று இருந்துவிட்டோம். பிறகு இடது காது அடைத்தது. காட்டப் போன இடத்தில் இரண்டு தடவை அன்டிபயோட்டிக் தந்து அனுப்பினார்கள். சளியோடு இரத்தம் வந்த பிறகுதான் மூக்கின் பின்புறம் கமரா விட்டுப் பார்த்தார்கள். அந்த மூன்று மாதத்தை நினைத்தால் இன்னும் நெஞ்சு எரிகிறது. அப்புறம் மஹரகம புற்றுநோய் ஆஸ்பத்திரியில் 33 நாள் கதிர்ச் சிகிச்சை. வெள்ளவத்தை மாமி வீட்டிலிருந்துதான் போய்வந்தார். ஊருக்கு வந்து இரண்டு கிழமை ஆகிறது. வாயெல்லாம் புண், எச்சில் ஊறுவதில்லை.

ஆனால் நான் எழுத உட்கார்ந்தது வேறொன்றுக்காக. இந்த வகைப் புற்றுநோயில் எப்ஸ்டீன்-பார் வைரஸுக்குப் பங்கு உண்டு என்று டொக்டர் சொல்லியிருக்கிறார். அண்ணியின் காதில் 'வைரஸ்' மட்டும்தான் விழுந்தது. நான் பார்க்கப் போன அன்று அண்ணாவுக்கென்று ஒரு தனிக் கோப்பை, பிடியில் சிவப்பு நூல். தட்டும் தனி. பேரனை மடியில் ஏற விடுவதில்லை. அவர் ஒன்றும் கேட்கவில்லை. முற்றத்துக்கு வந்த மானுக்கு வாழைப்பழத் தோலைப் போட்டுக்கொண்டு இருந்தார். எனக்குத் தாங்கவில்லை, வசந்தி.

அண்ணியைக் குசினியில் இருத்திச் சொன்னேன். இது உமிழ்நீரால் பரவுகிற வைரஸ்தான். ஆனால் பெரியவர்களில் 10 பேரில் 9 பேருக்கு மேல் ஏற்கெனவே இருக்கிறது. உங்களுக்கும் இருக்கும், எனக்கும் இருக்கும். கொப்புளிப்பான் வைரஸின் குடும்பம்தான், ஹெர்பீஸ் குடும்பம். ஒருமுறை வந்தால் போகாது, இரத்தத்தின் வெள்ளணுக்களில் ஒரு வகையான பி கலங்களுக்குள் படுத்துக் கிடக்கும். அதை எழும்ப விடாமல் ஆயுள் முழுக்கக் காவல் நிற்பவை வெள்ளணுக்களில் இன்னொரு வகையான எங்கள் ரி கலங்கள். கோடிக்கணக்கான பேரில் மிகச் சிலருக்கே புற்றுநோயில் போய் முடிகிறது. அதுவும் வைரஸ் ஒன்றால் மட்டும் வருவதில்லை, பரம்பரையும் வேறு காரணங்களும் சேர வேண்டும். அண்ணாவிடமிருந்து எங்களுக்கு ஒட்டுமோ என்று பயப்பட ஒன்றுமில்லை. எங்கள் தடிமன் அவருக்குத் தொற்றாமல் பார்த்துக்கொண்டால் போதும். சொல்லிவிட்டு, அந்தக் கோப்பையில் அவர் மிச்சம் வைத்த ஆறின தேத்தண்ணியைக் குடித்தேன். அண்ணி வாய் திறக்கவில்லை. மறுநாள் போனபோது நூலைக் காணவில்லை. கோப்பைகள் எல்லாம் ஒரே தட்டில் கவிழ்ந்திருந்தன.

அன்றிலிருந்து இரவில் இதைத்தான் வாசிக்கிறேன். பிரிஸ்பேனில் முருங்கைக்காய் விலை, பிரிஸ்பேனில் கோயில் தூரம் என்று குறை சொல்லித்தானே நீ எழுதுவாய்? உன் ஊரில் ராஜீவ் கன்னா என்று ஒரு விஞ்ஞானி இருக்கிறார், கியூஐஎம்ஆர் பெர்கோஃபர் ஆய்வு நிலையத்தில். இந்த வைரஸுக்கு எதிரான ரி கலங்களையே வருடக்கணக்காகப் படித்தவர். வைரஸை 1964இல் கண்டுபிடித்துச் சொன்னவர்கள் லண்டனில் எப்ஸ்டீனும் அச்சோங்கும் பாரும். எதிரியைக் கண்டாயிற்று, எங்கள் காவல்காரர் ஏன் சிலரிடம் தோற்கிறார்கள் என்பது கன்னா போன்றவர்களின் கேள்வி.

அண்ணாவுடையது மாதிரியான கட்டியில் வைரஸ் தன் புரதங்களில் பெரும்பாலானவற்றை ஒளித்துவிடுகிறது. வெளிப்படுவது ஈபிஎன்ஏ-1, எல்எம்பி-1, எல்எம்பி-2 என்று ஒரு சிலதான். அதிலும் ஈபிஎன்ஏ-1 கள்ளன்! கிளைசீன், அலனீன் என்ற அமினோ அமிலங்கள் இரண்டையும் திரும்பத் திரும்பக் கோத்த நீளத் துண்டு ஒன்று அதன் நடுவில் இருக்கிறது. அதனால் ரி கலங்களின் கண்ணில் சரியாகப் படாமல் தப்புகிறது. கன்னாவின் குழு என்ன செய்தது தெரியுமா? அந்தத் துண்டை வெட்டி எறிந்து, மிச்சத்தோடு எல்எம்பி புரதங்களின் சிறு பகுதிகளைத் தொடுத்து, பெருக முடியாதபடி செய்த அடினோவைரஸ் என்ற வேறொரு வைரஸில் ஏற்றியது. நோயாளியின் இரத்தத்தை எடுத்து, அவருடைய ரி கலங்களுக்கே இதைக் காட்டிப் பழக்கி, ஆய்வுகூடத்தில் பெருக்கித் திரும்ப ஏற்றியது. வெளியிலிருந்து ஆள் கொண்டுவரவில்லை, சொந்தக் காவல்காரனுக்கே கள்ளனின் முகத்தைக் காட்டிக் கொடுத்திருக்கிறார்கள். உயிரியல் படிப்பிக்கிற எனக்கே வாசித்தபோது உடம்பு சிலிர்த்தது.

ஹொங்கொங்கில் நோய் பரவிவிட்ட ஆட்களுக்குக் கொடுத்துப் பார்த்து 2012இல் எழுதினார்கள். சிகிச்சை பெற்றவர்களின் இடைநிலை ஆயுள், அதாவது பாதிப் பேராவது உயிரோடு இருந்த காலம், 523 நாள், பெறாதவர்களுக்கு 220. சிறிய ஆய்வு, சீட்டுக் குலுக்கிப் பிரித்த ஒப்பீடும் இல்லை. அதனால் அண்ணாவிடம் இதை மருந்தாகச் சொல்லவில்லை. நீயும் தயவுசெய்து சொல்லாதே. அவருக்குக் கதிர்ச் சிகிச்சையிலேயே குணமாக நல்ல இடமுண்டு என்கிறார்கள். மூன்றாம் மாத ஸ்கானுக்குத்தான் எல்லோரும் காத்திருக்கிறோம். எனக்கு நித்திரை இல்லை.

ஞாயிறன்று அவருக்கு ஒரு கோல் எடு. பின்னேரம் ஐந்து மணிக்குப் பிறகு எடு, அதற்கு முன் வாய் கொப்பளிக்கிற நேரம். குரல் அடைத்திருக்கும், நீ பயப்படாதே. நோயைப் பற்றி விசாரிக்காதே, செருப்புக் கதையைத் தொடங்கு. மிச்சத்தை அவர் சொல்லுவார்.

அன்புடன்,
மாலா