தலைகீழாக நிற்க வேண்டாம்: யோகா வகுப்பு பற்றிப் பெற்றோருக்கு ஒரு கடிதம்

தலவாக்கலை

அன்பார்ந்த பெற்றோருக்கும், வீட்டில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் அம்மாயி, அப்பாயி, தாத்தாமாருக்கும்,

வணக்கம்.

போன கிழமை ஏழாந்தரத்துப் பையன் ஒருவன் கழுத்தைத் திருப்ப முடியாமல் பாடசாலைக்கு வந்தான். விசாரித்தால், போனில் எதையோ பார்த்துவிட்டு, தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டுச் சுவரில் காலைச் சாய்த்துத் தலைகீழாக நின்றிருக்கிறான். தம்பி எண்ண வேண்டும், இவன் ஐம்பது வரை நிற்க வேண்டும் என்று பந்தயம். முப்பதில் சரிந்துவிட்டான். நல்ல வேளை, சுளுக்கோடு போயிற்று. ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்டேன். "யோகா தானே சார் செஞ்சேன்" என்றான். அதனால்தான் வகுப்பு தொடங்கும் முன்பே இதை எழுதுகிறேன்.

ஜூன் மாதம் முதல் ஆறாந்தரத்திலிருந்து ஒன்பதாந்தரம் வரை செவ்வாயும் வியாழனும் யோகா நடக்கும். ஜூன் 21 சர்வதேச யோகா தினம். ஐ.நா. பொதுச்சபை 2014 டிசம்பரில் தீர்மானம் எடுத்து, 2015இலிருந்து நடந்து வருகிறது. அன்றைக்கு மட்டும் பிள்ளைகளை வரிசையாக நிறுத்திப் படம் பிடித்துவிட்டு அப்புறம் மறந்துபோவதில் எனக்கு விருப்பம் இல்லை. அதுவும் ஜூன் மாதத்தில் நம் பக்கம் மழையும் பனிமூட்டமும்தான். சூரிய நமஸ்காரம் செய்தாலும் சூரியனைப் பார்க்க முடியாது. ஆகவே எல்லாம் மண்டபத்துக்குள்ளேதான்.

நேரம் பற்றிக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும். யோகா என்றால் விடியற்காலையில், வெறும் வயிற்றில் என்று எல்லோரும் சொல்கிறார்கள். வீட்டில் எழுந்தவுடன் செய்பவர்களுக்கு அது சரி. ஆனால் நம் பிள்ளைகளில் பலர் ஆறரைக்கே புறப்பட்டு, மேட்டில் ஏறி, ஏழரைக்கு வந்து சேர்கிறார்கள். அம்மா தோட்டத்து வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்குப் போகும் அவசரத்தில் தேத்தண்ணியை மட்டும் குடித்துவிட்டு வரும் பிள்ளை காலைக் கூட்டத்தில் மயங்கி விழுவதை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். அந்தப் பிள்ளையை 'இன்றைக்கு யோகா, சாப்பிடாமல் வா' என்று நான் சொல்லமாட்டேன். வெறும் வயிறு என்பதற்குப் பட்டினி என்று அர்த்தம் இல்லை. சாப்பாடு வயிற்றில் கனமாக இருக்கும்போது குனிந்து வளையக் கூடாது, அவ்வளவுதான். சாப்பிட்டு இரண்டு, மூன்று மணி நேரம் கழிந்திருந்தால் போதும். இடைவேளை 10.50க்கு முடிகிறது, கடைசிப் பாடவேளை 12.50க்குத் தொடங்குகிறது. அதனால்தான் கடைசிப் பாடவேளையைத் தெரிவு செய்தோம். அந்த இரண்டு நாளும் பிள்ளை காலையில் ரொட்டி சாப்பிட்டே வரட்டும். இடைவேளைச் சாப்பாட்டையும் கட்டிக் கொடுங்கள். இடைவேளைக்குப் பிறகு மட்டும் வாயில் எதையும் போட வேண்டாம்.

சப்பாத்தையும் காலுறையையும் கழற்றிவிட்டுத்தான் செய்ய வேண்டும். காலுறையோடு நின்றால் வழுக்கும். மண்டபத்துச் சீமெந்துத் தரை மத்தியானத்திலும் ஐஸ் மாதிரி இருப்பதால் ஆளுக்கொரு விரிப்பு தேவை. காசு கொடுத்து யோகா மெத்தை வாங்க வேண்டாம். பழைய கம்பளியை நான்காக மடித்துக் கொடுத்தாலே போதும், ஆனால் நிற்கும் ஆசனங்களுக்குப் பிள்ளை அதைவிட்டு இறங்கித் தரையில் நிற்க வேண்டும். குளிரில் தசை இறுகி இருக்கும் என்பதால் முதல் ஐந்து நிமிடம் கணுக்கால், முட்டி, தோள் என்று மெதுவாகச் சுழற்றிச் சூடாக்குவோம்.

தொடக்கத்தில் சொல்லிக்கொடுக்கப் போவது கொஞ்ச ஆசனங்கள்தான். முதலில் தாடாசனம். பார்த்தால் சும்மா நிற்பது போலத்தான் இருக்கும். இரண்டு பாதத்திலும் பாரம் சமமாக இறங்கி, தோள் தளர்ந்து, முதுகு நிமிர்ந்து நிற்கச் சொல்லிப் பாருங்கள். புத்தகப்பையை ஒரே தோளில் மாட்டிப் பழகிய பிள்ளை ஒரு பக்கம் சாய்ந்தே நிற்கும். அடுத்தது விருட்சாசனம், ஒற்றைக்காலில் நிற்பது. தூக்கிய பாதத்தை மற்றத் தொடையின் உள்பக்கத்தில் வைக்கலாம், முடியாதவர்கள் கெண்டைக்காலில் வைக்கலாம். முட்டியின் மேல் மட்டும் வைத்து அழுத்தக் கூடாது. எதிர்ச் சுவரில் ஓர் ஆணியையோ புள்ளியையோ பார்த்துக்கொண்டு நின்றால் ஆடாது. பக்கத்தில் இருப்பவன் சிரித்தால் எல்லோரும் விழுவார்கள், அது பரவாயில்லை.

புஜங்காசனத்துக்குக் குப்புறப் படுத்து, உள்ளங்கைகளை நெஞ்சுக்குப் பக்கத்தில் ஊன்றி, மூச்சை இழுத்தபடி தலையையும் நெஞ்சையும் தூக்க வேண்டும். தொப்புள் தரையை விட்டுக் கிளம்பக் கூடாது. கையால் தள்ளி உயரம் காட்டுவது பிழை, முதுகுதான் தூக்க வேண்டும். இறங்கும்போது மூச்சு வெளியே போகும். அப்புறம் வஜ்ராசனத்தில், அதாவது முட்டியை மடித்துக் குதிகாலின் மேல், உட்கார்ந்து, அப்படியே நெற்றியைத் தரையில் வைத்துக் குனிந்தால் பாலாசனம். பின்னால் வளைந்த முதுகுக்கு அது ஓய்வு. கடைசியில் சவாசனம், ஐந்து நிமிடம் அசையாமல் மல்லாந்து கிடப்பது. சிலர் தூங்கிவிடுவார்கள். எழுப்ப வேண்டாம் என்று ஆசிரியையிடம் சொல்லியிருக்கிறேன். மணி அடித்தால் தானாக எழும்புவார்கள்.

எல்லா ஆசனத்துக்கும் மூச்சுத்தான் அளவு. மூக்கால் மூச்சு சீராக வரும்வரை பிள்ளை சரியாகச் செய்கிறது. மூச்சு முட்டினாலோ, முகம் சிவந்தாலோ, எங்காவது சுரீர் என்று வலித்தாலோ அங்கேயே நிறுத்திவிட வேண்டும். யார் அதிகமாக வளைகிறார்கள் என்ற போட்டி வகுப்பில் இருக்காது. வீட்டிலும் விருந்தாளிகளுக்கு முன்னால் 'செய்து காட்டு' என்று கேட்காதீர்கள். தலைகீழாக நிற்கும் சிரசாசனம், மூச்சை அடக்கிப் பிடிப்பது இரண்டையும் நாங்கள் சொல்லிக்கொடுக்கப் போவதில்லை. வீட்டிலும் செய்ய விடவேண்டாம்.

பெற்றோர் கூட்டத்தில் ஒரு தாய் கேட்டார்: "நாள் முழுக்கக் கூடையோட குனிஞ்சு நிமிந்துதானே சார் இருக்கோம், எங்களுக்கு இதுக்கு மேல என்னா யோகா?" நியாயமான கேள்வி. கிலோ குறைந்தால் அரைப்பேர், அரைநாள் சம்பளம்தான் என்ற கவலையோடு குனிகிற குனிவு வேறு, மூச்சுவிட்டுக்கொண்டு செய்கிற குனிவு வேறு. கொழுந்து எடுக்கும்போது முதுகு முன்பக்கமாகவே வளைகிறது. புஜங்காசனம் அதற்கு எதிர்ப்பக்கம். இராத்திரி படுக்கும் முன், வயிறு கனமில்லாதபோது, பிள்ளையோடு சேர்ந்து இரண்டு மூன்று தரம் மெதுவாகச் செய்து பாருங்கள். கர்ப்பிணிகளும் முதுகில் ஏற்கனவே வருத்தம் உள்ளவர்களும் டாக்டரைக் கேட்காமல் செய்ய வேண்டாம்.

சில பெற்றோர் மதம் பற்றிக் கேட்டிருந்தார்கள். வகுப்பில் மந்திரம், தேவாரம் எதுவும் சொல்லப்படாது. அப்படியும் விருப்பமில்லை என்றால் எழுதித் தாருங்கள், பிள்ளை நூலகத்தில் இருக்கலாம்.

முட்டு அல்லது வீசிங், வலிப்பு, இருதய வருத்தம், அண்மையில் ஒப்பரேஷன், எலும்பு முறிவு, இவற்றில் ஏதாவது இருந்தால் கட்டாயம் எங்களுக்குத் தெரிய வேண்டும். முட்டுக்குப் பம்ப் பாவிக்கும் பிள்ளை அதைப் பையில் கொண்டுவரட்டும். காய்ச்சல், தடிமல் உள்ள நாளில் வகுப்பு வேண்டாம். பெரியபிள்ளையான மாணவிகள் மாதவிடாய் நாட்களில் "இன்றைக்கு உட்கார்ந்திருக்கிறேன் டீச்சர்" என்று சொன்னால் போதும், யாரும் காரணம் கேட்கமாட்டார்கள்.

இத்துடன் வரும் துண்டை நிரப்பி வெள்ளிக்கிழமைக்கு முன் வகுப்பாசிரியரிடம் கொடுத்துவிடுங்கள். அம்மா அப்பா கொழும்பிலோ வெளிநாட்டிலோ இருந்தால், வீட்டில் இருப்பவர் கையெழுத்து வைத்தாலும் சரி, கைநாட்டு வைத்தாலும் சரி.

இப்படிக்கு,
அதிபர்

பி.கு.: கம்பளி இல்லாதவர்கள் சாக்கு கொடுத்துவிடலாம். அரிசிச் சாக்கு, மாச் சாக்கு நல்லது. உரச் சாக்கு மட்டும் வேண்டாம், எத்தனை தரம் கழுவினாலும் அந்த நெடி போகாது, பிள்ளை அதில்தான் முகம் வைத்துப் படுக்க வேண்டும்.