ஐந்து மணி பஸ் எங்கள் பிள்ளைகளுக்கும் நிற்க வேண்டும்

கிழக்கில் பஸ் ஓட்டங்களையும் நேர அட்டவணைகளையும் தீர்மானிக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். கொழும்பிலிருந்து எழுதுகிறேன். விஷயம் என்னவென்று உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையிலிருந்து பெற்றோர் கையெழுத்து வைத்து அனுப்பிய கடிதங்கள் உங்கள் மேசைக்கு வந்திருக்கின்றன, அதிபர் ஒருவரும் எழுதியிருக்கிறார், ஆகவே முதலிலிருந்து கதை சொல்லி உங்கள் நேரத்தை எடுக்கப்போவதில்லை. காலையில் வாவிக்கு அக்கரையில் உள்ள பாடசாலைக்குப் போகும் அரச பஸ்ஸும், பின்னேரம் ஐந்து மணிக்குத் திரும்பும் கடைசி பஸ்ஸும், மாதக் காசை முன்கூட்டியே கட்டி எடுத்த சீசன் ரிக்கெட்டோடு தரிப்பிடத்தில் நிற்கும் பிள்ளைகளை நிறுத்தி ஏற்ற வேண்டும். கேட்பது இவ்வளவுதான். புது பஸ் கேட்கவில்லை, புது ரோடும் கேட்கவில்லை. ஏற்கெனவே ஓடுகிற பஸ், ஏற்கெனவே இருக்கிற தரிப்பிடத்தில் நிற்க வேண்டும்.

ஊரின் பெயரை வேண்டுமென்றேதான் விடுகிறேன். எழுதினால் என்ன நடக்கும் என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும், ஒரு சாரதிக்கும் ஒரு நடத்துநருக்கும் இடமாற்றம் வரும், கோப்பை மூடிவிடுவார்கள், அடுத்த மாதம் வேறொரு சாரதி அதே தரிப்பிடத்தை அதே வேகத்தில் தாண்டிப் போவார். எனக்கு அந்த மனிதர்கள் மேல் கோபமில்லை. வெள்ளைச் சீருடையில் பத்துப் பதினைந்து பிள்ளைகள் ஏறினால் பஸ் நிறைந்துவிடுகிறது, கையில் காசு வருவதில்லை, இரவில் டிப்போவில் கணக்குக் கொடுக்கும்போது வசூல் ஏன் குறைந்தது என்ற கேள்வி மட்டும் வருகிறது. அந்தக் கேள்வியைக் கேட்கிறவர்கள் நீங்கள். அதனால்தான் மடல் உங்களுக்கு.

போன தவணையில் நடந்ததைச் சொல்கிறேன். என் அக்காவின் மகள் உயர்தரத்தில் உயிரியல் படிக்கிறாள். எங்கள் ஊர்ப் பாடசாலை 1சி வகை, அதாவது உயர்தரத்தில் கலையும் வர்த்தகமும் மட்டும்தான். விஞ்ஞானம் படிக்க வேண்டுமென்றால் 1ஏபி பாடசாலைக்குப் போக வேண்டும், அது வாவிக்கு அந்தப் பக்கம். ஒன்றரைக்குப் பாடசாலை விட்டாலும் செய்முறை, மேலதிக வகுப்பு என்று நாலு நாலரையாகிவிடும். பிறகு ஐந்து மணி பஸ்தான், அதை விட்டால் அன்றைக்கு வேறு பஸ் இல்லை.

அன்று அவளோடு இன்னும் இரண்டு பிள்ளைகள். பஸ் வந்தது, வேகம் குறைந்தது, நடத்துநர் எட்டிப் பார்த்தார், மூன்று சீருடையைக் கண்டதும் பஸ் மறுபடி வேகமெடுத்துப் போய்விட்டது. உள்ளே இடம் இருந்தது, இருக்கைகளே சில காலியாக இருந்தன என்று பிள்ளை சொன்னாள். ஓட்டோ பிடிக்கக் கையில் காசில்லை, ஒரு பிள்ளையிடமும் போன் இல்லை, பாடசாலைக்குப் போன் கொண்டுபோக விடமாட்டார்கள். சரி, போகிற வழியில் யாராவது ஏற்றுவார்கள் என்று மூன்று பேரும் நடக்கத் தொடங்கியிருக்கிறார்கள்.

வேளாண்மை முற்றியிருந்த நேரம். எங்கள் பக்கத்து வயல்களை உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. நெல் மணி கட்டினால் யானை காட்டிலிருந்து இறங்கும், மின்வேலி போட்ட இடத்திலும் இறங்கும், பொழுது சாய்ந்தால் பெரிய ஆண்களே அந்த ரோட்டில் தனியாகச் சைக்கிளில் வரமாட்டார்கள். வாய்க்கால் பாலத்தைத் தாண்டும்போது யானையை விரட்டக் கொளுத்தும் யானை வெடிச் சத்தம் கேட்டிருக்கிறது. கிட்டவா எட்டவா என்று பிள்ளைகளுக்குத் தெரியவில்லை, வயலோரக் காவல் பரணுக்கு ஓடியிருக்கிறார்கள். அங்கே காவலுக்கு இருந்த வயதான ஐயா ஒருவர் அவர்களை மேலே ஏற்றி இருத்திவிட்டு, ஆளனுப்பி லேண்ட்மாஸ்டர் என்கிற இருசக்கர உழவு இயந்திரம் ஒன்றை வரவழைத்து, வீட்டில் கொண்டுவந்து விடும்போது எட்டு மணி தாண்டிவிட்டது. அதுவரை அக்கா சந்தியில் ஒவ்வொரு கடையாகக் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறாள்.

அந்த இரவு பிள்ளை எனக்குப் போன் எடுத்தாள். அழவில்லை, யானையைப் பற்றியும் பேசவில்லை. "சின்னம்மா, நான் ஆர்ட்ஸுக்கு மாறட்டா? ஊர்ப் பள்ளிக்கூடத்திலயே படிக்கலாம், அம்மாக்கும் பயமில்ல" என்று கேட்டாள்.

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை, உங்களிடம் இருந்தால் சொல்லுங்கள். கலைப்பிரிவைக் குறைத்துச் சொல்லவில்லை, நானே கலைப்பிரிவில் படித்தவள்தான். ஆனால் சாதாரண தரத்தில் விஞ்ஞானத்துக்கு ஏ எடுத்த பிள்ளை, சின்ன வயதிலிருந்தே தாதியோ மருத்துவரோ ஆக வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்த பிள்ளை, என்ன படிப்பது என்பதை அவளுடைய மூளையும் தீர்மானிக்கவில்லை, ஆசையும் தீர்மானிக்கவில்லை. ஐந்து மணி பஸ் தீர்மானிக்கிறது. இப்படி எத்தனை பேர் பேசாமல் பாடத்தை மாற்றிக்கொண்டு போயிருப்பார்கள் என்று எந்தக் கோப்பில் எழுதியிருக்கிறது?

பல்கலைக்கழக அனுமதியில் மாவட்ட ஒதுக்கீடு இருக்கிறதுதானே என்று கொழும்பில் ஒருவர் என்னிடம் சொன்னார். இருக்கிறது. 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கு, 55 வீதம் மாவட்ட அடிப்படையில், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு, அந்தப் பட்டியலில் மட்டக்களப்பும் உண்டு. ஆனால் எங்கள் பிள்ளை போட்டியிடுவது அதே மாவட்டத்தில் நகரத்துக்குள் இருக்கிற, வகுப்பு முடிந்து பத்து நிமிடத்தில் வீட்டுக்கு நடந்துபோய்த் தேத்தண்ணி குடித்துவிட்டு மறுபடி ரியூஷனுக்குப் போகிற பிள்ளையோடு. அந்தப் பிள்ளை மேல் எனக்குப் பொறாமை இல்லை, அதுவும் பாடுபட்டுத்தான் படிக்கிறது. வாவிக்கு இரண்டு கரை இருக்கிறது என்பது பல்கலைக்கழக அனுமதியைத் தீர்மானிக்கும் இசட் புள்ளிக்குத் தெரியாது, அதிகாரிகளான உங்களுக்குத் தெரியும் என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

இந்த நாட்டில் இலவசக் கல்வி 1945இல் வந்தது. அப்போதைய கல்வி அமைச்சர் கன்னங்கரா அவர்கள் கிராமத்துப் பிள்ளை நகரத்துக்கு வராமலே நல்ல கல்வி பெற வேண்டும் என்று மத்திய கல்லூரிகளைக் கிராமப்புறங்களில் தொடங்கினார். 1980 முதல் பாடநூல் இலவசம், 1993 முதல் சீருடைத் துணி இலவசம். பஸ்ஸுக்குச் சலுகை விலையில் சீசன் ரிக்கெட். இதெல்லாம் பெரிய விஷயம், இதில் வளர்ந்தவள் என்ற முறையில் நன்றியோடுதான் எழுதுகிறேன். அரசாங்கம் கொடுத்த புத்தகம் பையில், அரசாங்கம் கொடுத்த சீருடை உடம்பில், அரசாங்கம் கொடுத்த சீசன் கையில், இத்தனையோடும் நிற்கிற பிள்ளையை அரசாங்கத்தின் பஸ்ஸே விட்டுவிட்டுப் போகிறது.

நாங்கள் படித்த காலத்தில் இந்தக் கேள்வியைக் கேட்கவே முடியாது. யுத்தம். மண்முனைத்துறையில் பாதை என்கிற மிதவைப் படகில் ஏறித்தான் வாவியைக் கடக்க வேண்டும், அக்கரையில் இறங்கினால் சோதனைச் சாவடி, அடையாள அட்டை, பையைக் கொட்டிக் காட்டு. சில நாள் பாதை ஓடாது, சில நாள் ரோடு மூடியிருக்கும். அம்மா வாசலில் நின்றபடியே இருப்பா. அப்போது யாரிடமும் முறையிடவில்லை, முறையிட ஆளும் இல்லை, காரணமும் கண்ணுக்கு முன்னால் இருந்தது. கிழக்கில் 2007இல் சண்டை ஓய்ந்தது. 2014இல் மண்முனைப் பாலம் திறந்தார்கள், திறந்த நாளில் எங்கள் ஊர்க் கிழவிகள் பாலத்தில் நடந்து பார்க்கப் போனார்கள், இனி எங்கட பிள்ளைகளுக்குக் கஷ்டமில்லை என்று அவர்கள் சொன்னதை நான் காதால் கேட்டேன். பாலம் இருக்கிறது, ரோடு போட்டிருக்கிறார்கள், பஸ்ஸும் ஓடுகிறது. இப்போது என்ன காரணம் சொல்வீர்கள்?

2022இல் டீசல் இல்லை என்று ஓட்டங்களைக் குறைத்தீர்கள். நாடு முழுக்க வரிசையில் நின்ற காலம், யாரும் குறை சொல்லவில்லை. டீசல் வந்தது. முன்பு ஆறரைக்கு இருந்த பஸ் மட்டும் திரும்பி வரவில்லை. கேட்டபோது சாரதி பற்றாக்குறை என்றார்கள், பிறகு பயணிகள் குறைவு என்றார்கள். பஸ் நிறுத்தாமல் போனால் பயணிகள் குறையத்தானே செய்வார்கள்.

நான் இருக்கிற வெள்ளவத்தையில் காலி வீதியில் 100ஆம் இலக்கம் ஒன்று போனால் பின்னால் 101 வருகிறது, ஒன்றை விட்டால் அடுத்ததில் ஏறலாம், இல்லாவிட்டால் கடற்கரைப் பக்கம் இறங்கி ரயில் பிடிக்கலாம். நாளொன்றுக்கு இரண்டே பஸ் உள்ள ஊரில் ஒரு பஸ்ஸை விடுவது என்றால் என்ன என்று இங்கே இருந்துகொண்டு நினைத்துப் பார்ப்பது கஷ்டம். இந்த மடலை எழுதக் காரணமும் அதுதான். அட்டவணை எழுதுகிறவர்கள் யாரும் அந்த பஸ்ஸுக்காகக் காத்து நிற்பதில்லை.

இன்னொன்று. அக்கா தமிழில் எழுதிய முறைப்பாட்டுக்கு ஒரு பதில் வந்தது, முழுக்கச் சிங்களத்தில். ஊரில் வாசிக்க ஆளில்லாமல் எனக்கு வாட்ஸ்அப்பில் படம் பிடித்து அனுப்பினாள், நான் அலுவலகத்தில் கூட வேலை செய்யும் சிங்களத் தங்கை ஒருத்தியிடம் காட்டினேன். முறைப்பாடு உரிய பிரிவுக்கு அனுப்பப்பட்டுள்ளது என்று இரண்டு வரி. தமிழும் அரச கரும மொழி என்று 1987இல் அரசியலமைப்பில் எழுதியாகிவிட்டது. முழுக்கத் தமிழர் வாழும் பிரதேசத்துக்கு அனுப்பும் இரண்டு வரியைத் தமிழில் அனுப்ப இன்னும் எத்தனை வருடம் வேண்டும்? இதையெல்லாம் பேசப்போனால் ஆஸ்பத்திரி, வங்கி, காணி அலுவலகம் என்று நீண்டுகொண்டே போகும், ஒரு முத்திரைக்காக முழு நாளையும் விட்டுக்கொடுத்து நகரத்துக்கு வருகிற மனிதர்களைப் பற்றி எழுதவேண்டி வரும். நான் பஸ்ஸுக்கே திரும்புகிறேன்.

எங்கள் ஊர் பாவப்பட்ட ஊர் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு சந்தி, அதைச் சுற்றிப் பத்திருபது கடை, ஒரு பெற்றோல் நிலையம், கோயில், குளம், நாலு பக்கமும் வயல். விடியற்காலையில் எருமைத் தயிர்ச் சட்டிகள் சைக்கிளில் போகும். தாந்தாமலைத் திருவிழாவுக்கும் கொக்கட்டிச்சோலைத் தேருக்கும் ஊரே காலியாகிவிடும். யார் வீட்டில் செத்தவீடு என்றாலும் முதலில் போய் நிற்பது பக்கத்துத் தெருக்காரர்கள்தான். அந்தப் பரணில் என் அக்காவின் மகளை ஏற்றி இருத்திய ஐயாவுக்கு அவள் யார் வீட்டுப் பிள்ளை என்று பார்த்தவுடனே தெரிந்திருக்கிறது. அப்படி ஒரு இடத்தில் வளர்வது கொடுப்பினை. அங்கேயே இருந்து படித்து, அங்கேயே வேலை பார்த்து வாழ முடிந்தால் யார் விட்டுவிட்டு வருவார்கள்? ஆனால் பிள்ளை ஒன்பதாம் பத்தாம் வகுப்புக்கு வந்ததும் கையில் கொஞ்சம் வசதி உள்ள குடும்பம் நகரத்தில் வாடகை வீடு பார்க்கிறது, இல்லாத குடும்பம் பிள்ளையைச் சொந்தக்காரர் வீட்டில் விடுகிறது, அதுவும் முடியாத குடும்பம் பாடத்தை மாற்றுகிறது. ஒரு குடும்பம் போனால் சந்தியில் ஒரு கடைக்கு வியாபாரம் குறைகிறது, பாடசாலையில் மாணவர் தொகை குறைகிறது, மாணவர் குறைவு என்று ஆசிரியரை எடுத்துவிடுகிறார்கள். பிறகு ஊரில் ஆளில்லை என்று பஸ்ஸையும் குறைப்பீர்கள்.

ஆகவே மறுபடியும் கேட்கிறேன், தயவுசெய்து காலை பஸ்ஸும் ஐந்து மணி பஸ்ஸும் சீசன் பிள்ளைகளை நிறுத்தி ஏற்ற வேண்டும். அதற்கு வழியும் உங்களிடமே இருக்கிறது. சீசனில் ஏறும் ஒவ்வொரு பிள்ளையையும் நடத்துநர் எண்ணிப் பதியட்டும், அந்த எண்ணிக்கையை வசூலுக்குச் சமமாக டிப்போ கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளை ஏற்றினால் நட்டம் என்ற நிலை மாறினால் எந்தச் சாரதியும் பிள்ளையை ரோட்டில் விட்டுப் போகமாட்டார். அவர்களுக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அது முடியாது என்றால் சிசு செரிய பாடசாலை பஸ் சேவையில் ஒன்றை எங்கள் பக்கத்துக்குத் தாருங்கள், அந்தத் திட்டமே இப்படிப்பட்ட பிள்ளைகளுக்காகத்தான் வந்தது. தரிப்பிடத்தில் நேர அட்டவணையைத் தமிழில் ஒட்டி, பஸ் நிற்காவிட்டால் அழைக்க ஒரு தொலைபேசி இலக்கத்தையும் போடுங்கள்.

2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஓட்டப் பதிவுகளைக் கேட்க எங்களுக்கு உரிமை இருக்கிறது, 14 வேலை நாளுக்குள் தருவதா இல்லையா என்று நீங்கள் முடிவு சொல்லவும் வேண்டும். அந்த விண்ணப்பம் எழுதி முடிந்தாகிவிட்டது. அனுப்பாமல் இருக்கத்தான் விரும்புகிறேன். அடுத்த தவணை தொடங்குவதற்கு முன் ஒரு பதில் தாருங்கள், அதை எனக்கு அனுப்ப வேண்டாம், பாடசாலை அதிபருக்கும் பெற்றோருக்கும் தமிழில் அனுப்புங்கள். பிள்ளை பாடம் மாற்றும் படிவத்தை இன்னும் கொடுக்கவில்லை, தவணை தொடங்கும் வரை பொறு என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

நன்றியுடன்,
படுவான்கரையில் வளர்ந்து வெள்ளவத்தையில் வசிக்கும் ஒரு சின்னம்மா