ஃபேனை நிறுத்திய அண்ணாச்சிக்கும் மற்ற எல்லோருக்கும்

அன்புள்ள உங்கள் எல்லோருக்கும்,

பீடி சுற்றிப் பேரப்பிள்ளைகளை வளர்க்கிற ஓர் ஆச்சியைப் பற்றி நான் எடுத்த படம், நேற்றோடு நான்காவது வாரத்துக்குள் வந்துவிட்டது. இந்த ஒரு வரியை எழுதவே கை நடுங்குகிறது. வெளியீட்டுக்கு முந்தைய அந்தப் பத்து நாளும், அதற்கடுத்த முதல் திங்கட்கிழமையும் எப்படிப் போயின என்று உங்களுக்குத் தெரியும். அதையெல்லாம் திரும்ப எழுத எனக்குத் தெம்பில்லை. கடன் இருக்கிறது. படமும் இருக்கிறது. அது போதும்.

ஒருவரைப் பற்றி மட்டும் கொஞ்சம் நீளமாகச் சொல்ல வேண்டும். பெயர் போடக் கூடாது என்று சொல்லிவிட்டார். தென்காசிப் பக்கம் ஒரு பழைய தியேட்டரில் ஆபரேட்டர். ஏசி இல்லாத தியேட்டர், மொத்தம் 22 ஃபேன். அண்ணாச்சி என்றே எழுதுகிறேன்.

முதல் நாள் இரவு 11.30 மணிக்குத் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு. அன்றைக்கு வந்த அழைப்பெல்லாம் "ஷோ பிரேக் ஆயிருச்சு மேடம்", அதாவது ஆள் வராமல் காட்சி ரத்து என்று சொல்லத்தான் வந்தன. மனசே இல்லாமல்தான் எடுத்தேன்.

"மேடம், தப்பா நெனைக்காதீங்க. படத்தை எந்த லெவல்ல மிக்ஸ் பண்ணுனீங்க?"

"ஏழுல சார்."

"இங்க நாலரைலல்லா ஓடுது. பய மூச்சு விடுறது ஒண்ணும் கேக்கல."

தியேட்டர் சவுண்ட் பிராசசரில் 7 என்பதுதான் அளவு. ஸ்டுடியோவில் அந்த அளவில் கேட்டுக் கேட்டுத்தான் ஒலிக்கலவை செய்வோம். பெரிய படங்கள் காதைப் பிளக்கிற சத்தத்தோடு வருவதால், பார்க்க வருகிறவர்கள் குறை சொல்லிச் சொல்லி, பல தியேட்டர்களில் அதை 5, 4.5 என்று இறக்கி அப்படியே விட்டுவிடுகிறார்கள். சண்டைப் படத்துக்கு அது தாங்கும். எங்கள் படத்தில் பின்னணி இசையே மொத்தம் 11 நிமிடம். மிச்சமெல்லாம் கத்திரி, பீடித்தட்டு, கோழி, இரண்டு பிள்ளைகள். ஊமைப்படம் மாதிரித்தான் ஓடியிருக்கும்.

"ஏழுக்கு ஏத்திருதேன். ஆனா ஃபேன் இரைச்சல் கெடக்கே, அதுக்கு என்ன செய்ய?" என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை. "சரி, பாப்போம்" என்று வைத்துவிட்டார்.

மறுநாள் மத்தியானம் ஒரு புகைப்படம் அனுப்பினார். தினசரி காலண்டர்த் தாளின் பின்பக்கம், நீல மையில் எழுதியிருந்தது: "0.41.20 ஃபேன் ஆஃப். 0.45.30 ஆன்." அதற்குக் கீழே, "நடு ஃபேன் மட்டும் போதாது. எல்லாம்." நேரம் குறிப்பதற்காகவே காலைக் காட்சியை உட்கார்ந்து பார்த்திருக்கிறார்.

படம் பார்த்தவர்களுக்கு அது எந்த இடம் என்று தெரியும். 4 நிமிடம் 10 நொடி, ஒரே ஷாட். காய்ச்சலோடு பேரன் தூங்குகிறான். விடிந்தால் கம்பெனியில் 1000 பீடி கொடுத்தாக வேண்டும். சத்தீஸ்கர், மத்தியப் பிரதேசக் காடுகளிலிருந்து வருகிற இலை, ஊறி ஈரத்துணியில் கிடக்கிறது. ஆச்சி அதை எடுத்துத் தகர அச்சை வைத்து வெட்டுகிறாள். பத்துப் பன்னிரண்டு வெட்டுக்கு ஒருமுறை கத்திரியை நிறுத்திவிட்டுக் காது கொடுக்கிறாள். மூச்சு வருகிறது. மறுபடியும் கத்திரி.

அதை ஒரு நிமிடமாக வெட்டித் தந்தால் இன்னும் தியேட்டர் தருகிறேன் என்று ஒருவர் சொன்னார். நான் வெட்டவில்லை. ஆனால் சென்னையில் முதல் காட்சியில் அந்த இடத்தில்தான் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். வீட்டுக்கு வந்து, வெட்டியிருக்கலாமோ என்று அழுதேன். அதை இப்போது சொல்ல வெட்கமில்லை.

சனிக்கிழமை இரவு பொதிகை ரயிலில் ஏறி, ஞாயிறு காலை தென்காசியில் இறங்கினேன். சொல்லாமல் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். அறுபது பேர் இருந்திருப்பார்கள். 41ஆவது நிமிடம் ஃபேன்கள் ஒவ்வொன்றாக நின்றன. சுவிட்ச் போர்டு கீழே இருக்கிறது. ஆபரேட்டர் அறையிலிருந்து 14 படி. முட்டிவலிக்காரர், ஒவ்வொரு காட்சிக்கும் இறங்கி ஏறியிருக்கிறார்.

புழுக்கம் உடனே ஏறியது. எனக்கு முன்னால் இருந்த பாட்டி முந்தானையால் விசிறத் தொடங்கினாள். யாரோ "கரண்டு போச்சால" என்றார்கள். திரையில் கத்திரி நின்றது. பாட்டியின் கையும் நின்றது. அந்தப் பையனின் மூச்சு, மூக்கடைத்த சின்ன மூச்சு, அந்தப் பெரிய கொட்டகை முழுக்கக் கேட்டது. இரண்டு வருடமாக அந்தப் படத்தோடு கிடக்கிறேன், அப்படி நான் கேட்டதேயில்லை. ஒருவரும் எழுந்து போகவில்லை.

படம் முடிந்து மேலே போய்க் கும்பிட்டேன். அவர் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. "ஒரே ஒரு தப்பு இருக்கு தங்கச்சி" என்றார். "மேடம்" என்ற சொல் அதற்குள் போய்விட்டிருந்தது. "எங்காச்சியும் பீடிதான். அம்மா இல்ல எனக்கு. கத்திரிச் சத்தம் கேட்டுக்கிட்டே கெடந்தா நல்லாத் தூங்குவேன். அது நின்னா முழிச்சிருவேன். உங்க படத்துல அந்தப் பய முழிக்க மாட்டேங்கான்."

எழுதுவதற்கு முன்னால் எத்தனையோ திண்ணைகளில் ஆச்சிகளோடு உட்கார்ந்து பேசியிருக்கிறேன். பக்கத்தில் புத்தகப்பையோடு இருந்த பிள்ளைகளிடம், நீ எதைக் கேட்டுக்கொண்டு தூங்குவாய் என்று ஒருமுறைகூடக் கேட்கவில்லை.

அந்தக் காலண்டர்த் தாளை அவர்தான் ஆபரேட்டர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டார். திங்கட்கிழமைக்கு அப்புறம் படம் எப்படிப் பிழைத்தது என்று உங்களுக்கே தெரியும்.

மற்றவர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. சம்பளத்தைப் பிறகு வாங்கிக்கொள்கிறேன் என்று சொன்ன எடிட்டர், ஒலிப்பதிவுக் குழு, பணம் வாங்காமல் காகிதங்களைப் பார்த்துக் கொடுத்த வக்கீல் தோழி, வீட்டையும் கோழிகளையும் எங்களிடம் ஒப்படைத்துவிட்டு மச்சினர் வீட்டில் ஒரு மாதம் தங்கிய குடும்பம், தெரியாதவர்களுக்கு டிக்கெட் வாங்கிக் கொடுத்தவர்கள், "மெதுவாகத்தான் போகும், உட்கார்ந்து பாருங்கள்" என்று நாலு பேரிடம் சொன்னவர்கள், ஒவ்வொருவருக்கும் நான் கடன்பட்டவள். படத்தில் நடித்த எங்கள் ஆச்சிக்கு நேரில் போய்ச் சொல்லிவிட்டேன். இலை வெட்டிக்கொண்டேதான் கேட்டாள்.

காட்சி முடிந்ததும் பேரப்பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு பல தாத்தா பாட்டிகள் வந்து நின்றார்கள். படத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "இந்தப் புள்ளைக்கு ஏதாவது கெடைக்குமா" என்றுதான் கேட்டார்கள். தமிழக அரசு 2025 செப்டம்பரில் தொடங்கிய அன்புக்கரங்கள் திட்டம் பலருக்குத் தெரிந்திருக்கவில்லை. பெற்றோர் இருவரையும் இழந்த பிள்ளைகளுக்கும், ஒருவரை இழந்து மற்றவரால் பராமரிக்க முடியாத பிள்ளைகளுக்கும் 18 வயதுவரை மாதம் 2000 ரூபாய். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விசாரிக்கலாம். இனி இந்தப் படம் எந்த ஊரில், எந்தப் பள்ளியில் போட்டாலும் வாசலில் ஒருவர் உட்கார்ந்து அந்த மனுவை எழுதிக் கொடுப்பார். யாரும் கிடைக்காவிட்டால் நானே உட்காருவேன். இது வாக்கு.

இன்னொன்று. அண்ணாச்சி சொன்னது மனசை விட்டுப் போகாமல், நேற்று இரவு பழைய ஹார்டு டிஸ்கைத் திறந்தேன். அந்த ஷாட்டை ஐந்து முறை எடுத்தோம். மூன்றாவது டேக்கில், கத்திரி நின்றதும் பையன் கண்ணைத் திறக்கிறான். ஆச்சியையே பார்த்துக்கொண்டு கிடக்கிறான். கத்திரி மறுபடி தொடங்கியதும் கண் மூடிக்கொள்கிறது. நடித்தவன் ஆச்சியின் சொந்தப் பேரன். "பையன் விழித்துவிட்டான்" என்று எழுதி, அதை என்ஜி, அதாவது தேறாத டேக், என்று ஒதுக்கியது நான்தான்.

எடிட்டரை எழுப்பிவிட்டேன். சான்றிதழ் வாங்கிய படத்தில் ஒரு ஷாட்டை மாற்றினாலும் தணிக்கை வாரியத்துக்குத் தெரிவித்து ஒப்புதல் வாங்க வேண்டும். அதற்கான கடிதம் இன்று காலை போய்விட்டது. ஒப்புதல் வந்ததும் புதுப் பிரதி முதலில் உங்கள் தியேட்டருக்குத்தான் வரும், அண்ணாச்சி. மூன்றாவது டேக் 7 நொடி நீளம் அதிகம். ஃபேனை 0.45.37க்குப் போடுங்கள்.